துரத்தல் காட்சி தடுமாறும்போது: மேசைப் பாத்திர விளையாட்டுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

மோதல் விதிகள் ஒரு பாத்திரம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை அளக்கின்றன. துரத்தலில் நமக்குத் தெரிய வேண்டியதோ, ஓடுபவருக்கு இன்னும் எவ்வளவு முன்னிலை மிச்சமிருக்கிறது என்பதுதான். முன்னதற்காக எழுதப்பட்ட விதிகளைப் பின்னதற்கு அப்படியே பயன்படுத்துவதால்தான் கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை எழுகின்றன. ஆகவே உங்கள் மேசையில் தென்படும் அறிகுறியை முதலில் அடையாளம் கண்டு, அதற்குரிய பகுதியை மட்டும் படித்துச் சரிசெய்யலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை.

வேறு ஆட்டத்தின் பெயர் குறிப்பிடப்படாத இடங்களில் வரும் எண்கள் யாவும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014ஆம் ஆண்டு விதிகளைச் சார்ந்தவை. 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தில் களைப்பு நிலைகள் வேறு விதமாகச் செயல்படுவதால், அதை ஆடுபவர்கள் களைப்பு பற்றிய கணக்குகளையும் பிற எண்களையும் தங்கள் நூலோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: அருகில் இருந்து தப்ப முயல்பவர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தாக்குதலை வாங்கிக்கொண்டே ஓடுகிறார்

பரவலாகக் காணப்படும் கோளாறு இது என்பதால் இதிலிருந்து தொடங்குவோம். ஒரு திருடனும் ஒரு காவலனும் அடுத்தடுத்த கட்டங்களில் நிற்கிறார்கள். இருவருக்கும் வேகம் 30 அடி. ஒவ்வொருவருக்கும் தம் முறையில் வேகத்தின் அளவு நகர்வும் ஆக்ஷன் எனும் ஒரு செயலும் உண்டு. திருடன் அந்த ஆக்ஷனில் டிஸ்எங்கேஜ் (அடி வாங்காமல் விலகுவது) எடுத்து 30 அடி விலகினால், காவலன் தன் முறையில் அதே 30 அடியை நடந்தே கடந்து, கையில் மீதமிருக்கும் ஆக்ஷனால் முழுத் தாக்குதல் நடத்துகிறான். திருடனுக்கு எதுவும் மிஞ்சவில்லை. மாறாக, அவன் டேஷ் (ஆக்ஷனைச் செலவிட்டு இருமடங்கு தூரம் ஓடுவது) எடுத்தால், விலகும் கணத்தில் காவலனின் ரியாக்ஷன் (உடனடி எதிர்ச்செயல்) வழியாக ஓர் ஆப்பர்சூனிட்டி அட்டாக் (விலகிச் செல்பவர் மீதான இலவசத் தாக்குதல்) விழுகிறது. அதைத் தாங்கிக்கொண்டு 60 அடி தள்ளிப் போகிறான். காவலனும் டேஷ் எடுத்து 60 அடி ஓடி மறுபடியும் பக்கத்தில் வந்து நிற்கிறான். அவனிடம் ஆக்ஷன் மீதமில்லை, ஆனால் தன் முறை தொடங்கியபோதே ரியாக்ஷன் திரும்பக் கிடைத்துவிட்டது. அடுத்த முறை திருடன் விலகும்போது மீண்டும் ஒரு தாக்குதல். இப்படி, ஓடிக்கொண்டே இருப்பவரை ஓடிக்கொண்டே இருப்பவர் சுற்றுக்கு ஒருமுறை இலவசமாகத் தாக்கும் நிலை முடிவில்லாமல் தொடர்கிறது.

இதற்கான தீர்வு விதிநூலிலேயே உள்ளது. துரத்தலில் பங்கேற்பவர்கள் அனைவரும் ஒரே திசையில் ஒரே நேரத்தில் ஓடுவதாகக் கொள்ளப்படுவதால், அவர்களுக்குள் ஆப்பர்சூனிட்டி அட்டாக் கிடையாது. வழியில் நிற்கும் மூன்றாம் நபர் மட்டும் அதை நடத்தலாம். நடைமுறையில் தவறுவது, இந்த விதி எந்தக் கணத்தில் நடப்புக்கு வருகிறது என்பதை யாரும் அறிவிக்காமல் விடுவதுதான். ஆட்ட நடத்துநர் ஒரு தெளிவான வரம்பை வைத்துக்கொள்ள வேண்டும்: ஒருவர் டேஷ் எடுத்து விலகி, எதிரி அவரைத் தொடர டேஷ் எடுத்துவிட்டால், அந்த இருவரும் இப்போது துரத்தலில் இருக்கிறார்கள். அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் விலகலின்போது விழும் ஒரு தாக்குதலை நான் நீக்கச் சொல்ல மாட்டேன். கைகலப்பிலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடுவதற்கு அந்த விலை நியாயமானது.

அறிகுறி: இருவருக்கும் ஒரே வேகம்; இடைவெளி மாறவே இல்லை

திருடனுக்கு 40 அடி முன்னிலை என்று வைத்துக்கொள்வோம். அவன் டேஷ் எடுத்தால் இடைவெளி 100 அடி. காவலன் டேஷ் எடுத்தால் மறுபடி 40. அடுத்த சுற்றிலும் 100, 40. பகடையே உருட்டப்படாமல் இது எத்தனை சுற்று வேண்டுமானாலும் ஓடும். வேகம் என்பது நிலையான எண்ணாக இருக்கும்வரை, சமமான இருவருக்கிடையே முடிவு பிறக்க வழியில்லை.

இந்த இடத்தில் ஆட்ட நடத்துநர்கள் கவனிக்க வேண்டிய வரம்பு ஒன்று உண்டு. காவலனுக்கு உண்மையில் தேவைப்படுவது இடைவெளி பூச்சியமாவது அன்று. பிடித்து நிறுத்த கிராப்பிள் செய்வதற்கும் வாளை வீசுவதற்கும் ஆக்ஷன் வேண்டும். டேஷ் எடுத்தவரிடம் அது இருக்காது. எனவே காவலனின் முறை தொடங்கும்போது திருடன் அவனது சாதாரண நகர்வுக்கு எட்டும் தூரத்துக்குள், அதாவது சுமார் 30 அடிக்குள், இருந்தாக வேண்டும். திருடன் முறைக்கு முறை டேஷ் எடுத்துக்கொண்டிருக்கும்வரை அது நடக்கவே நடக்காது. ஆகவே சம வேகத் துரத்தல் முழுவதும், யார் முதலில் டேஷை இழக்கிறார் என்ற ஒரே கேள்வியில் அடங்கிவிடுகிறது.

அந்தக் கேள்விக்கு விடை தரும் விதியைப் பலர் புரட்டிவிட்டுக் கடந்துபோகிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு துரத்தலில் 3 உடன் தம் கான்ஸ்டிடியூஷன் (உடல் தாங்குதிறன்) மாடிஃபயரை, அதாவது அத்திறனுக்கான கூட்டெண்ணை, கூட்டிய அளவு தடவை தடையின்றி டேஷ் எடுக்கலாம். அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு டேஷுக்கும் முறையின் முடிவில் டிசி 10 கான்ஸ்டிடியூஷன் சோதனை (இருபது முகப் பகடையை உருட்டி, மாடிஃபயரைக் கூட்டி, 10ஐ எட்ட வேண்டும்). தவறினால் ஒரு நிலை களைப்பு. கான்ஸ்டிடியூஷன் 10 (மாடிஃபயர் 0) உடைய திருடனுக்கு மூன்று டேஷ் கிடைக்கும். நான்காவதிலிருந்து ஒவ்வொரு முறையும் 55 விழுக்காடு வாய்ப்பே அவன் பக்கம். கான்ஸ்டிடியூஷன் 14 (மாடிஃபயர் 2) உடைய காவலனுக்கு ஐந்து டேஷ், பிறகு 65 விழுக்காடு. முதல் பார்வைக்கு இந்த வேறுபாடு சிறியதாகத் தெரியலாம். ஆனால் முதல் நிலைக் களைப்பே எல்லாத் திறன் சோதனைகளுக்கும் டிஸ்அட்வாண்டேஜ் (இருமுறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது) தருவதால், ஒருமுறை தவறிய திருடனின் வாய்ப்பு அடுத்த சோதனையில் 30 விழுக்காட்டளவுக்குச் சரிகிறது. இரண்டாம் நிலையில் வேகமே பாதியாகிறது. அவன் டேஷ் எடுத்தாலும் 30 அடிதான். காவலன் அதை நடந்தே கடந்துவிடுவான். மூச்சு வாங்குவது, கால் தளர்வது, சட்டென்று எல்லாம் கைவிட்டுப்போவது ஆகிய மூன்றும் இந்த ஒரே கணக்கில் அடங்கியிருக்கின்றன என்பதால் இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

செய்ய வேண்டியது எளிது. ஒவ்வொரு பங்கேற்பாளருக்கும் அவருடைய டேஷ் எண்ணிக்கைக்கு ஏற்பச் சிறு வில்லைகளைக் கொடுத்து, எடுக்கும்போதெல்லாம் ஒன்றை மேசை நடுவில் வைக்கச் சொல்லுங்கள். எதிராளியின் கையில் எத்தனை மிச்சம் என்பது கண்ணுக்குத் தெரிந்தவுடன், 'இந்த முறை டேஷைச் சேமித்துக்கொண்டு சந்துக்குள் ஒளியலாமா' என்று ஆட்டக்காரர்கள் தாமாகவே எண்ணத் தொடங்குவார்கள். துரத்தலில் பெற்ற களைப்பு குறுகிய ஓய்விலேயே நீங்கிவிடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் களைப்புக்கு அஞ்சி எல்லோரும் நான்காவது சுற்றிலேயே நின்றுவிடுவார்கள்.

அறிகுறி: வேகமானவர் இரண்டே சுற்றில் ஆட்டத்தை முடித்துவிடுகிறார்

இரண்டாம் லெவலில் கன்னிங் ஆக்ஷன் (போனஸ் ஆக்ஷன் எனும் கூடுதல் செயலிலும் டேஷ் எடுக்கும் திறன்) பெற்ற ரோக் (திருடர் வகுப்புப் பாத்திரம்) ஒருவர், ஆக்ஷனில் ஒன்றும் போனஸ் ஆக்ஷனில் ஒன்றுமாக இரண்டு டேஷ் எடுத்து ஒரே முறையில் 90 அடி ஓடுவார். எதிராளி ஓடுவது 60 அடி. சுற்றுக்கு 30 அடி வீதம் இடைவெளி கரைகிறது; 60 அடி முன்னிலை இரண்டு சுற்றில் காணாமல் போகிறது. மாங்க் (துறவி வீரர்) ஒருவரும் கி எனும் ஆற்றல் புள்ளியைச் செலவிட்டு இதையே செய்வார்.

அந்தத் திறனைப் பறிக்கவோ மழுங்கடிக்கவோ கூடாது. அதற்காகத்தான் ஆட்டக்காரர் அந்த வகுப்பைத் தேர்ந்தெடுத்தார். முதலில் எண்ணிக்கையைச் சரியாக வையுங்கள்: போனஸ் ஆக்ஷனில் எடுத்தாலும் அது டேஷ்தான், ஆகவே ஒரு முறைக்கு இரண்டு வில்லைகள் போகும். கான்ஸ்டிடியூஷன் மாடிஃபயர் 1 உள்ள ரோக் இரண்டு சுற்றில் தம் நான்கையும் தீர்த்துவிடுவார். அந்த இரண்டு சுற்றில் பிடித்தால் அது அவர் ஈட்டிய வெற்றி. பிடிக்காவிட்டால் மூன்றாவது சுற்றிலிருந்து அவர்தான் மூச்சிரைப்பார். இரண்டாவதாக, வேகமானவர் தனியாகப் போய்ச் சேருகிறார் என்பதைக் கதையில் உணர்த்துங்கள். மற்றவர்கள் இரண்டு சுற்று பின்னால் இருக்க, முட்டுச்சந்தில் எதிரியோடு ஒருவர் மட்டும் நிற்பது அந்த வேகத்துக்கான இயல்பான விலையாகும்.

அறிகுறி: ஓட்டம் நடக்கிறது, ஆனால் வழியில் எதுவும் நிகழவில்லை

ஒவ்வொருவரும் தம் முறை முடிவில் பகடை உருட்டி இடையூறு ஏதும் நேர்கிறதா என்று பார்க்கும் சிக்கல் பட்டியல்களைப் பயன்படுத்தியும் இந்தக் குறை வருவதற்குக் காரணம் உண்டு. விதிநூலின் நகர்ப்புறப் பட்டியலிலும் காட்டுப் பட்டியலிலும் டி20இல் (இருபது முகப் பகடையில்) 11 முதல் 20 வரை விழுந்தால் சிக்கல் ஏதுமில்லை. அதாவது சரிபாதி உருட்டல்கள் வெறுமையாகவே முடியும். இரண்டே பேர் ஓடும் துரத்தலில், ஒரு சுற்று முழுவதும் எதுவுமின்றிக் கழிவது அரிதான நிகழ்வன்று. இன்னொரு தவறும் இங்கே நடக்கிறது. தம் முறை முடிவில் உருட்டியவருக்கே சிக்கல் நேர்வதாகப் பலர் ஆடுகிறார்கள். விதிப்படி அது இனிஷியேட்டிவ் வரிசையில் (முறைகள் வரும் வரிசையில்) அடுத்து வரும் பங்கேற்பாளரைத்தான் பாதிக்கும்.

துரத்தல் நிகழப்போகும் இடம் உங்களுக்கு முன்பே தெரியுமென்றால், பட்டியலை விட்டுவிட்டு அந்த இடத்துக்கே உரிய ஐந்தாறு தடைகளை எழுதிவைப்பது மேல். ஒவ்வொரு தடைக்கும் குறைந்தது இரண்டு வழிகள் இருக்கட்டும், அவற்றில் ஒன்று மெதுவானதாகவும் பாதுகாப்பானதாகவும், மற்றொன்று வேகமானதாகவும் ஆபத்தானதாகவும் அமையட்டும். எடுத்துக்காட்டாக, உடைந்த பாலத்தில் 12 அடி இடைவெளி. ஸ்ட்ரென்த் (உடல் வலிமை) 12 அல்லது அதற்கு மேல் உள்ளவர் 10 அடி ஓடி வந்தால் சோதனையின்றித் தாண்டிவிடுவார், ஏனெனில் ஓடித் தாண்டும் தூரம் ஸ்ட்ரென்த் எண்ணுக்குச் சமமான அடிகள். அதற்குக் குறைவானவர் கீழே இறங்கி ஓடையைக் கடக்க வேண்டும். கரடுமுரடான நிலம் என்பதால் நகர்வில் ஒவ்வோர் அடியும் இரட்டிப்பாகக் கணக்கிடப்படும். அல்லது துணிந்து தாண்டிப் பார்த்து, விளிம்பைப் பற்ற ஒரு சோதனை செய்யலாம். யாருக்கு எந்த வழி என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கும்போது, அந்த முறை வெறும் எண்ணாகக் கழியாது.

அறிகுறி: மூன்றாவது சுற்றில் வரைபடம் முடிந்துவிடுகிறது

ஐந்தடிக் கட்டங்கள் கொண்ட 24க்கு 30 கட்ட வரைபடம் ஒன்றின் நீளம் 150 அடி. டேஷ் எடுத்து ஓடுபவர் அதை மூன்றாவது முறை முடிவதற்குள் தாண்டிவிடுவார். பெரிய தாளை ஒட்டுவதால் பயனில்லை. அளவுகோலையே மாற்ற வேண்டும்.

கால் ஆஃப் கத்துல்ஹூ ஏழாம் பதிப்பின் முறையை இதற்கு நான் முதலில் பரிந்துரைப்பேன். அதில் துரத்தல் என்பது ஒரு கோட்டில் வரிசையாக அமைந்த இடங்களாகும்: சந்தை முனை, சுவர், கூரை, சாக்கடை வாய் என்று. சில இடங்களுக்கிடையே ஆபத்துகளும் தடுப்புகளும் வைக்கப்படும். தொடக்கத்தில் ஒவ்வொருவரும் வேகச் சோதனை செய்கிறார்கள். நடந்து ஓடுபவர்களுக்கு அது கான்ஸ்டிடியூஷன் உருட்டல். மிகச் சிறந்த வெற்றி கிடைத்தால் நகர்வு எண் 1 கூடும், தவறினால் 1 குறையும். அதன் பிறகு ஓடுபவரின் எண் துரத்துபவரின் எண்ணைவிடக் கூடுதலாக இருந்தால், அவர் தப்பிவிட்டார். துரத்தல் காட்சியே தேவையில்லை. இல்லாவிட்டால் ஆட்டம் தொடங்குகிறது. மிக மெதுவானவருக்குச் சுற்றுக்கு ஒரு நகர்வு ஆக்ஷன். மற்றவர்களுக்கு அவரைவிட எத்தனை எண் கூடுதலோ அத்தனை ஆக்ஷன் கூடுதல். ஓடுபவர் 8, துரத்துபவர் 9 என்றால் முன்னவருக்கு ஒன்று, பின்னவருக்கு இரண்டு.

முடிவு முன்பே தெரிந்த ஓட்டத்தைச் சுற்றுச் சுற்றாக ஆடவிடாமல் தொடக்கத்திலேயே தீர்த்துவிடுவது இந்த அமைப்பின் சிறப்பு. வேறு எந்த ஆட்டத்தை நடத்துபவரும் இதைக் கடன் வாங்கலாம். ஐந்தாம் பதிப்பில் ஏறத்தாழ 30 அடி இடைவெளியை ஓர் இடமாகக் கொண்டால், சாதாரண நகர்வு ஓர் இடம், டேஷ் எடுத்தால் இரண்டு என்று கணக்கு எளிதில் பொருந்திவிடும். 25 அடி வேகமுள்ள குள்ளரை என்ன செய்வது என்றால், மூன்று சுற்றுக்கு ஒருமுறை அவர் ஓர் இடம் பின்தங்குவதாக வைத்துக்கொள்வது போதுமான அளவுக்குத் துல்லியமானது.

அறிகுறி: மோதல் நடக்கிறது, ஆனால் யாரும் நின்ற இடத்தைவிட்டு அசைவதில்லை

பெரும்பாலும் இதற்குக் காரணம் பழைய பதிப்பின் நினைவே. 3.5ஆம் பதிப்பில், எதிரி அச்சுறுத்தும் கட்டத்திலிருந்து வெளியேறுவதே தாக்குதலை வரவழைக்கும். ஐந்தடி மட்டும் நகரும் சிறு அடிவைப்பு, பின்வாங்கும் ஆக்ஷன் போன்ற சிலவே விலக்கு. ஐந்தாம் பதிப்பில் எதிரியின் ஆயுதம் எட்டும் தூரத்திலிருந்து முழுவதும் வெளியேறினால்தான் தாக்குதல். அவரைச் சுற்றி வந்தாலும், அந்தத் தூரத்துக்குள்ளேயே பக்கம் மாறினாலும் எதுவும் நேராது. பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பிலோ அந்த எதிர்வினையே எல்லாரிடமும் இல்லை. ஃபைட்டர்களுக்கும் சில உயிரினங்களுக்கும் மட்டுமே அது தொடக்கத்திலேயே உண்டு. இதை ஆட்டக்காரர்களுக்கு ஒருமுறை நகர்த்திக் காட்டுங்கள்.

அதன் பிறகும் நகராமல் நிற்கிறார்கள் என்றால், நகர்வதற்குக் காரணம் வைக்கப்படவில்லை என்று பொருள். அணைய வேண்டிய தீ, மூட வேண்டிய கதவு, எதிரி எட்டிப் பிடிக்கப்போகும் மணிக்கயிறு போன்று அடுத்த சுற்றுக்குள் ஒருவர் போய்ச் சேர வேண்டிய ஓர் இடம் இருந்தாலே போதும்.

அறிகுறி: குறுக்காக நகரும்போது தூரம் பற்றி வாக்குவாதம்

ஒவ்வொரு குறுக்குக் கட்டத்தையும் 5 அடியாக எண்ணினால், ஆறு கட்டம் குறுக்காகப் போனவர் 30 அடி செலவில் உண்மையில் சுமார் 42 அடி கடக்கிறார். 5, 10, 5, 10 என்று மாற்றி எண்ணினால் அதே 30 அடிக்கு நான்கு கட்டங்களே கிடைக்கும். முன்னது விரைவானது, பின்னது நேர்மையானது. மோதலுக்கு எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். இடையில் மாற்றாதீர்கள், அவ்வளவுதான்.

அறிகுறி: ஒரே மந்திரத்தில் அல்லது ஒரே அம்பில் துரத்தல் முடிந்துவிடுகிறது

எதிரியை அசையாமல் நிறுத்தும் ஹோல்ட் பெர்சன் மந்திரம் 60 அடி வரைதான் எட்டும். இடம் தாவ வைக்கும் மிஸ்டி ஸ்டெப் மந்திரம் கண்ணுக்குத் தெரியும் 30 அடிக்குள்தான் கொண்டுபோய் விடும். லாங்போவின் (நீண்ட வில்லின்) எல்லை 600 அடி என்றாலும் 150 அடிக்கு மேல் டிஸ்அட்வாண்டேஜ். எண்களைப் பார்த்தால் இவை எல்லாவற்றுக்கும் பொதுவான தேவை ஒன்றே: பார்வைத் தொடர்பு. நீண்ட நேரான சாலையில் துரத்தலை அமைத்தால் வில்லாளி வெல்வார், வெல்லவும் வேண்டும். வளைவுகளும் மக்கள் கூட்டமும் உள்ள இடத்தில் அமைத்தால், பாதி மறைவு ஆர்மர் கிளாஸில் (தாக்குதல் படுவதற்கு எட்ட வேண்டிய எண்ணில்) 2 கூட்டும், முக்கால் மறைவு 5 கூட்டும், முழு மறைவில் குறிவைக்கவே முடியாது. அத்துடன், எய்வதற்கு ஆக்ஷனைச் செலவிட்டவர் அந்த முறை 30 அடிதான் நகர்ந்தார், ஓடுபவரோ 60 அடி போய்விட்டார் என்பதை மறக்காமல் கணக்கில் சேருங்கள். ஒவ்வோர் அம்புக்கும் 30 அடி விலை. இந்த விலையை முறைப்படி வசூலித்தாலே பெரும்பாலான புகார்கள் நின்றுவிடும். அதன் பிறகும் ஒரு மந்திரம் காட்சியை முடிக்குமானால், மனமுவந்து முடியவிடுங்கள்.

அறிகுறி: ஒருவர் ஓடுகிறார், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள், அல்லது ஒரு தவறான உருட்டலில் எல்லாம் போய்விடுகிறது

இவை இரண்டும் ஒரே வேரிலிருந்து வருபவை. வெற்றி தோல்வி முழுவதும் ஒருவருடைய ஒரு சோதனையில் தொங்கும்போது, மற்றவர்களுக்கு வேலையும் இல்லை, தவறியவருக்கு மீட்சியும் இல்லை. பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு தடையையும் கடக்கக் குழு முழுவதும் சேர்ந்து புள்ளிகள் திரட்டுகிறது: வெற்றிக்கு 1, மாபெரும் வெற்றிக்கு 2, தோல்விக்கு எதுவுமில்லை, மாபெரும் தோல்விக்கு 1 கழிவு. கவசமணிந்த மெதுவான வீரர் வண்டியைத் தூக்கி வழிவிடலாம், நகரை அறிந்தவர் குறுக்கு வழி சொல்லலாம், பாடகர் கூட்டத்தை விலக்கலாம். பிளேட்ஸ் இன் த டார்க்கின் கடிகாரங்களும் இதே பணியைச் செய்கின்றன. பிடிபடுவதற்கு ஆறு பகுதிகள் கொண்ட ஒரு வட்டம், தப்புவதற்கு ஆறு பகுதிகள் கொண்ட மற்றொன்று, எது முதலில் நிரம்புகிறதோ அதுவே முடிவு. தூரம் இங்கே முற்றிலும் முன்னிலையாக மாறிவிடுகிறது. நான்கு பேருக்கு மேல் ஆடும் மேசைக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான்.

அறிகுறி: தோற்பது உறுதியான மோதலிலும் ஆட்டக்காரர்கள் ஓட மறுக்கிறார்கள்

அவர்கள் பிடிவாதக்காரர்கள் அல்லர், கணக்குத் தெரிந்தவர்கள். முதல் அறிகுறியில் பார்த்ததுபோல, மோதல் விதிகளின்படி ஓடுவது நிற்பதைவிட மோசமான தேர்வாகவே இருக்கிறது. கீழே விழுந்த தோழரைத் தூக்கிக்கொண்டு ஓடுவதென்றால் சொல்லவே வேண்டாம். 13த் ஏஜ் ஆட்டம் இதற்குத் துணிவான ஒரு விதியை வைத்திருக்கிறது: குழு ஒருமனதாக முடிவெடுத்தால் எந்தக் கணத்திலும், விழுந்தவர்களையும் தூக்கிக்கொண்டு, உறுதியாகத் தப்பிவிடலாம், அதற்கு ஈடாகக் கதையில் ஒரு பெரிய இழப்பை ஏற்க வேண்டும். கிராமம் எரிகிறது, சடங்கு நிறைவேறுகிறது, பிணைக்கைதி கொண்டுபோகப்படுகிறார். இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். உயிர் ஊசலாடும் வேளையில் திடீரென்று அறிவித்தால் அது சலுகையாகத் தோன்றும், அப்போது யாரும் அதை மனப்பூர்வமாக ஏற்கமாட்டார்கள்.

அறிகுறி: ஓட்டம் எப்போது முடிந்தது என்றே தெரிவதில்லை

தப்பிப்பதற்கான சோதனை ஒன்று இருப்பதையே மறந்துவிடுவதால் இது நேர்கிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும், எல்லோருடைய முறையும் முடிந்த பிறகு, ஓடுபவர் ஆக்ஷன் எதுவும் செலவிடாமல் ஸ்டெல்த் (ஒளிந்து நழுவும் திறன்) சோதனை செய்கிறார். அந்தச் சுற்று முழுவதும் முன்னணித் துரத்துபவரின் கண்ணைவிட்டு அவர் மறையவே இல்லையென்றால், சோதனை தானாகவே தோற்கும். மறைந்திருந்தால், துரத்துபவர்களிடையே மிக உயர்ந்த பாசிவ் பெர்செப்ஷனை (பகடை உருட்டாமலே கொள்ளப்படும் கவனிப்புத் திறனெண்ணை) மிஞ்ச வேண்டும். ஒளிய நிறைய இடமிருந்தாலோ, கூட்டமும் இரைச்சலும் மிகுந்திருந்தாலோ அட்வாண்டேஜ் (இருமுறை உருட்டி உயர்ந்ததை எடுப்பது). வெட்டவெளியிலோ, முன்னணியில் வருபவர் ரேஞ்சராக (காட்டுவழி அறிந்த வகுப்பினராக) இருந்தாலோ, அவருக்கு சர்வைவலில் (தடம் பார்த்துத் தொடரும் திறனில்) தேர்ச்சி இருந்தாலோ டிஸ்அட்வாண்டேஜ். களைப்பின் முதல் நிலையும் இந்தச் சோதனையைப் பாதிக்கும் என்பதால், வில்லைகள் தீர்வதற்குள் மறைவிடம் தேட வேண்டிய நெருக்கடி ஓடுபவருக்கு இயல்பாகவே வந்துவிடுகிறது.

ஆட்ட நடத்துநர் ஒவ்வொரு சுற்றின் இறுதியிலும் குறித்துக்கொள்ள வேண்டியவை மூன்று: இப்போதைய இடைவெளி, ஒவ்வொருவருக்கும் மிச்சமுள்ள டேஷ், இந்தச் சுற்றில் பார்வை எங்காவது அறுந்ததா என்பது. மூன்றையும் ஒரு தாளில் எல்லோரும் பார்க்கும்படி எழுதிவையுங்கள்.